ஒருநாள் விட்டு ஒருநாள்

பிப்ரவரி 8

அக்காவுக்கு,

நலமா என்று ஆரம்பித்தால் "விஷயத்துக்கு வா" என்பாய். வந்துவிட்டேன். ஜனவரியில் நீ வந்திருந்தபோது சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த வரைபட நிரல் கெட்டுப்போய்விட்டது. கெடுத்தது நான் இல்லை. அந்த நிரலை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பயிற்சிக் கூடத்தில் எதுவும் மாறவில்லை. பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கு அதே ஒரே இயந்திரம்தான். மஞ்சள் அட்டைக்காரர்கள் ஒரு நாள், நீல அட்டைக்காரர்கள் மறுநாள் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார்கள். விடுமுறை கிடையாது. முறை வந்ததும் அட்டையைச் செருகி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். அட்டை செருகிய தேதியை இயந்திரமே குறித்துக்கொள்கிறது. அந்தத் தேதிகளை வைத்துத்தான் உன் நிரல் படம் வரைகிறது. ஆளுக்கு ஒரு வரிசை, முறைக்கு ஒரு கட்டம். வந்திருந்தால் பச்சை, வராவிட்டால் வெள்ளை.

ஜனவரி முழுக்கப் பச்சையாக இருந்தது. பெரிய மேடம் அதை முன்கூடத்துத் திரையில் போடச் சொல்லி, வருகிறவர்களிடம் எல்லாம் "எங்க பொண்ணு போட்டது" என்றார். எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. பிப்ரவரி பிறந்ததும் எல்லோர் வரிசையும் வெள்ளை. ஒருவர்கூட வரவில்லை என்கிறது படம். வெளியே பெஞ்சில் உட்கார இடமில்லை. திரையில் ஈ காக்கை இல்லை.

வரவேற்பில் இருப்பவரை அவருடைய குரலுக்காக எல்லோரும் ஒலிபெருக்கி என்போம். அவர் திரையைப் பார்த்து, "என்னடி இது, எல்லாரும் செத்துட்டாங்களா?" என்று கத்தினார். பெஞ்சில் இருந்த தையற்கார அம்மா, "நான் இருக்கேம்மா" என்று நல்ல கையைத் தூக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மேடம் சிரிக்கவில்லை.

என்ன செய்வது என்று மின்னஞ்சலிலேயே எழுது. ஃபோன் வேண்டாம். ஃபோனில் எனக்கு வார்த்தை வராது, உனக்குப் பொறுமை இருக்காது.

பூச்சி


பிப்ரவரி 9

பூச்சி,

கெட்டுப்போக அது என்ன பாலா? நிரல் தானாகக் கெடாது. போன மாதம் ஓடியது இந்த மாதம் ஓடவில்லை என்றால் உள்ளே போகிற தேதிகளில்தான் கோளாறு.

முதலில் நேர மண்டலத்தைப் பார். இயந்திரம் ஒரு கடிகாரத்தை நம்பித் தேதி எழுதும். ப்ரவுசர் வேறொரு கடிகாரத்தை நம்பிப் படிக்கும். நடுவில் சில மணி நேரம் நழுவினால் செவ்வாய்க்கிழமை வந்தவர் திங்களில் போய் விழுவார். நான் எடுத்துப் போட்ட லைப்ரரியில், அந்த ஆயத்த வரைபட நிரல்தொகுப்பில், நாள் என்பதே இரண்டு வகை. உள்ளூர் நாள் ஒன்று, உலகப் பொது நேரத்து நாள் ஒன்று. நான் உள்ளூர் நாளைப் போட்டிருந்தேன். பொது நாளாக மாற்றிப் பார்.

இதற்கு ஒரு முழுக் கடிதம் வேண்டியதில்லை. படித்தாலே தெரியும். பத்தாவதோடு நின்றவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நான் சொல்லவில்லை. புரிகிறவள் ஏன் நின்றாய் என்றுதான் கேட்கிறேன். அதற்கு மட்டும் நீ பதில் எழுதியதே இல்லை.

அப்பா நேற்று மதியம் கூப்பிட்டார். நன்றாகத்தான் பேசுகிறார். பிரேக் பிடிக்காத பேருந்தை மண்மேட்டில் ஏற்றி நிறுத்திய பழைய கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். நீ சொல்வதுபோல் ஒன்றும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நீ சொன்னதைச் செய்தேன். பிப்ரவரியில் காலை முறைக்காரர்கள் எல்லோரும் பச்சையாகிவிட்டார்கள். துள்ளிக் குதிக்கப் போனேன். பக்கத்தில் பார்த்தால், ஜனவரியில் அதே காலைக்காரர்கள் அத்தனை பேரும் வெள்ளை. அவர்களுடைய நாள் ஒன்று பின்னால் நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். வராத நாளில் வந்ததாகக் காட்டி நிரப்பியிருக்கிறது. விடை சரி, வழி தப்பு. மதியக்காரர்கள் நழுவவே இல்லை. அவர்கள் முன்பு போலவே வெள்ளை. நம் அப்பாவின் பயிற்சி முறையும் மதியம்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. பழையபடி மாற்றிவிட்டேன்.

பெரிய மேடம் நான் வேலை பார்க்கிற பின்னறைக்கே வந்துவிட்டார். "மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். மார்ச் ஒண்ணாம் தேதி இந்தப் படத்த வெச்சுத்தான் யாருக்கு மெஷின்ல எடம்னு முடிவு பண்ணப் போறோம். முறைய அடிக்கடி விட்டவங்க வெய்ட்டிங் லிஸ்ட்ல கடைசிக்குப் போகட்டும். ஒன்னால முடியலன்னா இப்பவே சொல்லிடு" என்றார். நான் தலையாட்டினேன். முடியும் என்று ஆட்டினேனா முடியாது என்று ஆட்டினேனா என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

வாசல் பெஞ்சில் ஒரு தச்சர் தினமும் வந்து உட்காருகிறார். காத்திருப்பவர்களில் முதல் ஆள். வலது கை நெஞ்சோடு மடிந்தபடியே இருக்கிறது. "இன்னிக்கு எடம் ஏதும்..." என்று இழுப்பார். "இல்லண்ணே" என்பார் ஒலிபெருக்கி, தனக்குத் தெரிந்த மெல்லிய குரலில். "சரி, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

அப்பாவின் இடம் போகக் கூடாது அக்கா. இந்த ஊரில் வேறெங்கும் இந்த இயந்திரம் இல்லை. அவர் ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. நானே கூட்டிவந்து உள் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் பின்னறைக்குப் போகிறேன். படம் மட்டும் சரியானால் அவருடைய வரிசைதான் எல்லோருக்கும் முதல் வரிசை.

ஏன் நின்றேன் என்று கேட்டாய். அப்பா பக்கவாதத்தில் விழுந்த வாரம் பள்ளிக்கு லீவு போட்டேன். அடுத்த வாரம் போயிருக்கலாம். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்று போகவில்லை. அதற்கடுத்த வாரம், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போகவில்லை. அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்காக நான் எதையும் துறக்கவில்லை. "அவருக்காக நின்னேன், நின்னேன்னு என்னக் குத்திக் காட்டாத" என்று ஜனவரியில் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னது நீதான். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

பூச்சி


பிப்ரவரி 14

பூச்சி,

நேர மண்டலம் இல்லை என்றால் இல்லை. ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்த மருந்து. இங்கே உட்கார்ந்துகொண்டு உன் திரையை எட்டிப் பார்க்க என்னிடம் மாயக்கண்ணாடியா இருக்கிறது?

மாதத்துக்கு ஒரு ரேஞ்ச் கொடுத்திருப்பேன், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று. அந்த லைப்ரரியில் முடிவுத் தேதி என்பது எல்லை மட்டும்தான். அந்த நாள் உள்ளே சேராது. ஜனவரி ஒன்று முதல் முப்பத்தொன்று என்று கொடுத்தால் முப்பதோடு நின்றுவிடும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் நான் அப்படித்தான் கொடுத்திருப்பேன். முப்பத்தொன்றுக்குப் பதில் பிப்ரவரி ஒன்று என்று மாற்று. இதனால் ஒரு மாதமே வெள்ளையாகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்த ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும்.

நீ ஒன்றும் சொன்னதில்லைதான். உனக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்தவர்களுக்கு உன்னைத் தெரியாது. நான் கிளம்பும்போது என் பையை வாசல்வரை தூக்கிவந்து வைத்தாய். ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தினாய். "வேலைய விட்டுட்டு வா" என்று நீ ஒரு தடவை கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் திட்டியிருப்பார்.

அக்கா


பிப்ரவரி 18

அக்காவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். கோபமாக இருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீ சொன்னபடி முடிவுத் தேதியை மாற்றினேன். இதுவரை திரையில் இல்லாத ஜனவரி முப்பத்தொன்றுக்கு ஒரு கட்டம் முளைத்தது. முளைத்து, பக்கத்தில் இருந்த பிப்ரவரி ஒன்றின் மேல் பாதி ஏறி உட்கார்ந்துகொண்டது, நெரிசலில் அடுத்தவர் மடியில் உட்காருகிற ஆளைப் போல. முதலில் அகலத்தில் ஏதோ தப்பு என்று அதைச் சின்னதாக்கினேன். பிறகுதான் உறைத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறவருக்கு முப்பத்தொன்றாம் தேதியும் ஒன்றாம் தேதியும் எப்படி அடுத்தடுத்து முறை வரும்?

நீ எழுதியிருக்கும் வரி என்ன? நாள் என்று போட்டு, எவ்ரி என்று போட்டு, இரண்டு என்று போட்டிருக்கிறாய். இரண்டு நாளுக்கு ஒன்று. படித்தால் எவ்வளவு நியாயமாக இருக்கிறது. ஆனால் அது நாளை எண்ணவே இல்லை அக்கா. தேதியைத்தான் பார்க்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து என்று போய் முப்பத்தொன்றில் நின்று, மாதம் மாறியதும் எதுவும் நடக்காதது போல மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. மனிதர்கள் அப்படி வருவதில்லை. முப்பத்தொன்றாம் தேதி வந்த தையற்கார அம்மா இரண்டாம் தேதிதான் வந்தார். அதிலிருந்து நான்கு, ஆறு, எட்டு. உன் வரி ஒன்று, மூன்று, ஐந்தில் அவரைத் தேடிவிட்டு, ஆள் வரவில்லை என்று வெள்ளை அடிக்கிறது. நீல அட்டைக்காரர்களுக்கும் இதேதான், தலைகீழாக.

தேதிகளில்தான் கோளாறு என்றாய். படித்தாலே தெரியும் என்றாய். நான் இத்தனை நாளும் தேதி தேதியாகத் தோண்டினேன். ஒலிபெருக்கி தினமும் எட்டிப் பார்த்து, "இன்னிக்காவது யாராச்சும் உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். தப்பு உன் வரியில் இருந்தது. உன் வரி என்பதால்தான் நான் அதைச் சந்தேகப்படவே இல்லை.

எப்படித் திருத்துவது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பூச்சி


பிப்ரவரி 19

பூச்சி,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றால் எப்படி? ஆமாம், அந்த வரி நான் எழுதியதுதான். லைப்ரரி ஏமாற்றவில்லை. மாதம் பிறந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து என்று அதன் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. அதை நான் எப்போதோ படித்தும் இருக்கிறேன். ஜனவரிப் படம் பச்சையாக வந்ததும், சரியாக இருக்கிறது என்று மடிக்கணினியை மூடிவிட்டேன். நான்கு நாள் லீவில் வந்தவள் அதற்குமேல் என்ன சோதிப்பாள்?

திருத்தம் இதுதான். எவ்ரியைத் தூக்கிவிடு. இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று எண்ணித் தருகிற வசதி அதே லைப்ரரியில் இருக்கிறது. இயந்திரம் ஓடத் தொடங்கிய ஜனவரி ஒன்றிலிருந்து ஒவ்வொரு நாளையும் எண்ணு. இரண்டால் வகுத்தால் மீதி வராத நாள் மஞ்சள், மீதி வந்தால் நீலம். மாதம் எங்கே உடைந்தாலும் உனக்குக் கவலை இல்லை.

ஒரு வேடிக்கை பார். நாம் எதையும் தொடாமல் விட்டிருந்தாலும் ஏப்ரலில் படம் தானாகவே பச்சையாகியிருக்கும். மே மாதமும் சரியாக வந்திருக்கும். ஜூனில் மறுபடி எல்லோரும் செத்திருப்பார்கள். நாம் இரண்டு பேரும் பேயடித்த மாதிரி அலைந்திருப்போம்.

அவ்வளவு தூரம் நீ தனியாகப் போய்க் கண்டுபிடித்ததை இங்கே பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னேன். "உன் தங்கச்சியா?" என்றாள். ஆமாம் என்றேன். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

நீ சொன்ன திருத்தத்தைப் போட்டேன். வரிசைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒலிபெருக்கி கூடம் அதிர, "அடேங்கப்பா, எல்லாருக்கும் உசுரு வந்துருச்சு!" என்றார். தையற்கார அம்மாவின் வரிசையில் ஒரு வெள்ளைகூட இல்லை. "என்னோடதா இது?" என்று எழுந்து திரைக்குக் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார்.

அப்பாவின் வரிசையைக் கடைசியாகத்தான் பார்த்தேன். பிப்ரவரி தொடங்கும்போது பச்சை. பிறகு வெள்ளை, வெள்ளை, ஒரு பச்சை, மறுபடி வெள்ளை. பல் கொட்டிய வாய் போல இருக்கிறது.

உன் திருத்தம்தான் தப்பு என்று நினைத்தேன். மற்றவர்களுக்குச் சரியாக இருப்பது இவருக்கு மட்டும் எப்படித் தப்பாகும்? இயந்திரத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். இத்தனை நாளும் சோதனைக்குத் தையற்கார அம்மாவின் தேதிகளைத்தான் எடுத்தேன். அப்பாவுடையதைத் திறந்ததே இல்லை. அவர் சட்டைப்பையில் கைவிடுவது போல இருந்தது. இன்று விட்டேன். அந்த நாட்களில் அவர் அட்டையைச் செருகவே இல்லை.

இயந்திரத்தருகே நிற்கும் உதவியாளரிடம் கேட்டேன். "ரெண்டு தரம் கூப்புடுவேன். வரலன்னா அடுத்தவங்களக் கூப்புட்டுருவேன். ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? நான் பின்னறையை விட்டு வரும்போது அப்பா நான் உட்காரவைத்த அதே பெஞ்சில்தான் இருப்பார். "எப்படிப்பா இருந்துச்சு?" என்பேன். "பரவால்லம்மா" என்பார். ஒருநாள் நெற்றியைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் கேட்டேன். "மெஷின் அன்னிக்கு ரிப்பேரு" என்றார். எந்த அன்றைக்கு என்று கேட்டேன். "நீ என்ன எனக்குக் கணக்கு டீச்சரா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உன்னோடு இத்தனை கடிதம் சண்டை போட்டது இதற்காகவா அக்கா? எல்லோரும் வெள்ளையாக இருந்தபோது அவரும் அவர்களில் ஒருவராக இருந்தார். நான்தான் திருத்தி, திருத்தி, அவரைத் தனியாகக் காட்டியிருக்கிறேன். திரையிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். இன்னும் சோதிக்க வேண்டியிருக்கிறது என்று சீட்டெழுதி மேடம் மேசையில் வைத்தேன். அப்பா எங்கே போகிறார் என்று உனக்குத் தெரியுமா?

பூச்சி


பிப்ரவரி 23

பூச்சி,

தெரியும். நேற்று வரை தெரியாது. உன் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் நின்று படித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னோடுதான் இருந்தார்.

மதியத்தில்தான் கூப்பிடுவார். குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், படிக்கட்டில் பேசினால் கேட்கிற மாதிரி. பின்னால் யாரோ, "மஞ்சள் அட்டை, அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிடுவது ஒருமுறை தெளிவாகவே கேட்டது. எங்கே இருக்கீங்க என்று கேட்டேன். "என் முறை முடிஞ்சுதும்மா. பூச்சி வேல முடிச்சு வரட்டும்னு உக்காந்திருக்கேன்" என்றார். நான் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, பேச்சை இழுத்துக்கொண்டே போனேன். எனக்கும் இங்கே சத்தமாகச் சிரித்துப் பேச ஆள் இல்லை. அவர் வைக்கப் போகும்போதெல்லாம் "அப்புறம்ப்பா?" என்று கேட்டது நான்தான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நாள் என்று இருக்கும் இடத்தில் வாரம் என்று மாற்று. ஒரு சொல்தான். ஒவ்வொரு தேதியும் அந்தந்த வாரத்தின் தொடக்கத்துக்குப் போய்விடும். வாரத்துக்கு ஒரு கட்டம். அந்த வாரத்தில் ஒரு தடவை வந்திருந்தாலும் பச்சை. அப்பா எந்த வாரமும் முழுதாக வராமல் இல்லையே. இது பொய் இல்லை. எல்லாப் படமும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வரைகிறது. எங்கள் அலுவலகத்தில் நாள்தோறும் இதைத்தான் செய்கிறோம், அசிங்கமாக இருந்தால் இடைவெளியைப் பெரிதாக்கு என்று. யாரும் கேட்க மாட்டார்கள். நீ வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதும் இல்லை.

அவருக்கு அந்த இடம் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. இந்த ஒரு தடவை நான் சொல்வதைச் செய்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

வாரம் என்று மாற்றிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், மாற்றினேன். மிக அழகாக இருந்தது. பெரிய பெரிய பச்சைக் கட்டங்கள், ஒன்றுகூட வெள்ளை இல்லை. ஒரு முழு மதியம் அதைத் திரையில் வைத்திருந்தேன். ஒலிபெருக்கி, "இது நல்லாருக்குடி, கண்ணுக்குக் குளிர்ச்சியா" என்றார். தையற்கார அம்மாவின் வரிசையும் அப்பாவின் வரிசையும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. அந்த அம்மா மறுபடி கிட்டே வந்து பார்த்தார். தன் வரிசை எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. வாசல் பெஞ்சில் தச்சர் கழுத்தை நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் பச்சையாக இருந்தால் அவர் என்ன புரிந்துகொள்வார்? எல்லோரும் ஒழுங்காக வருகிறார்கள், தனக்கு இடம் வராது என்றுதானே.

நாள் என்றே மாற்றிவிட்டேன்.

படம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். "நாளைக்கு உங்க வரிசையும் திரையில வரும்ப்பா."

"நீதான போடுற?"

"ஆமா."

"அப்பப் போடாத."

ஏன்ப்பா போகலை என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "அந்த மெஷின்ல உக்காந்தா நான் ஒத்தக் கையன். ஒங்கக்காகிட்டப் பேசுறப்ப எனக்கு ரெண்டு கையும் இருக்கு. அவதான் பாக்கலையே."

நேற்று படம் போட்டேன். பெரிய மேடம் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து அங்கே நின்றார். "இது உங்கப்பாதான?" என்றார். ஆமாம் என்றேன். "ஏன் வரல?" என்றார். முன்கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பில் நிற்பது போலவே இருந்தது, புத்தகம்தான் கையில் இல்லை. "வந்தாரு மேடம். ஆனா மெஷின்ல உக்காரல" என்றேன். அவர் திட்டவில்லை. "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், தெரியும்ல?" என்றார். அப்பாவின் மஞ்சள் அட்டையைத் தச்சருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இன்று மஞ்சள் நாள். தச்சர் பின்னறை வாசலில் வந்து நின்றார். "பாப்பா, நான் வேணா இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து..." என்றார். "போங்கண்ணே, கூப்புடுறாங்க" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவர் போய் அட்டையைச் செருகியதும் என் திரையில் ஒரு கட்டம் பச்சையானது. நான் எழுந்து முகம் கழுவப் போனேன்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை வைத்தால் தட்டை மட்டும் பார்க்கிறார். பெற்ற மகளே வரைந்து காட்டிக்கொடுத்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். காத்திருப்பவர்களில் அவர் கடைசி ஆள். அவருக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதுவரை அந்தக் கை என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நான் செய்தது சரியா என்று கேட்காதே. சரியாக இருந்தால் இப்படி இருக்காது என்று தோன்றுகிறது. வேறு மாதிரி செய்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

அவர் பேசுவது உன்னோடு மட்டும்தான். அதனால் இதை நீதான் செய்ய வேண்டும். அடுத்த முறை கூப்பிட்டால் வீடியோவில் வரச் சொல். கையைக் காட்டச் சொல். கதை கேட்காதே. கையைப் பார்.

பூச்சி


மார்ச் 8

பூச்சி,

இந்தக் கடிதத்தில் உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நீ ஃபோனுக்குப் பின்னால் நின்றாய். முன்னால் என்ன தெரிந்தது என்று எழுதுகிறேன்.

முதலில் மின்விசிறி தெரிந்தது. வெகுநேரம் மின்விசிறிதான். முகத்தைக் காட்டுங்கப்பா என்றேன். "தெரியலையா? இந்த ஃபோனே இப்படித்தான்" என்றார். பிறகு மோவாய் வந்தது, பாதி மீசை வந்தது. கையைக் காட்டுங்க என்றேன்.

"எந்தக் கை?"

"எந்தக் கைன்னு உங்களுக்குத் தெரியும்."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுத்து, "ஒனக்கும் அவளுக்கும் வேற வேலையே இல்லையா?" என்று கத்தினார். கத்தட்டும் என்று இருந்தேன். பிறகு, "ஏ பூச்சி, இங்க வந்து இதப் புடி" என்றார். ஒரு வாரத்தில் அவர் உன்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதானா?

படம் ஆடியது. மேசை தெரிந்தது. அதன்மேல் கை கிடந்தது. மெலிந்துபோயிருக்கிறது. இப்படி இருக்கும் என்று நீ எழுதியதில்லை, நானும் கேட்டதில்லை. ஜனவரியில் அந்த நான்கு நாளும் அவர் அதைத் துண்டுக்குள் வைத்திருந்தார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. தூக்கினார். மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் எழுந்தது. அதற்குள் பல்லைக் கடித்துவிட்டார்.

"இவ்ளோதான். பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"இப்ப என்ன பண்ணப் போற?"

நாளை மறுநாளும் காட்டுங்க என்றேன்.

"நாளன்னிக்கு மட்டும் என்ன, பறக்கவா போகுது?"

"பறக்க வேணாம். காட்டுங்க போதும்."

அவர் சரி என்று சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. திரையின் ஓரத்தில் உன் கட்டைவிரல் மங்கலாகத் தெரிந்தது. நகத்தை இன்னும் கடிக்கிறாய். உன்னோடு ஏதாவது பேசலாம் என்று நினைத்தேன். நீ முகம் காட்டமாட்டாய் என்று விட்டுவிட்டேன்.

நாளை மறுநாள் மதியம் கூப்பிடுகிறேன். பெரிய மேடமிடம் கேட்டு அந்த நேரத்துக்கு மட்டும் வீட்டுக்கு வந்துவிடு. நல்ல கையில் ஃபோன் இருந்தால் அவர் மின்விசிறியைத்தான் காட்டுவார். யாராவது பிடித்தாக வேண்டும். இங்கிருந்து என்னால் பிடிக்க முடியாது.

அக்கா